கரண்ட் போனாலும் கணக்கு கலையாமல் இருக்க

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். எல்லாம் லினக்ஸ்; டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், ஈஎக்ஸ்டி4. கரண்ட் போய் வந்தால் முதலாளிகள் முதலில் கேட்பது, "தம்பி, கணக்கு இருக்கா?"

ஒரு பில் சேரும்போது டிஸ்க்கில் பெரும்பாலும் மூன்று இடம் மாறும்: பில் விவரம் விழும் பிளாக் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு), ஃபைலின் அளவும் பிளாக் முகவரியும் உள்ள ஐநோட், எந்த பிளாக் காலி என்று காட்டும் பிட்மேப். ஐநோட் எழுதியாகி பிட்மேப் எழுதுவதற்குள் கரண்ட் போனால், அதே பிளாக் நாளைக்கு இன்னொரு ஃபைலுக்கும் போய்விடும். இரண்டு கணக்கும் நாசம்.

ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் குறிப்பேடான ஜர்னல் இதைத்தான் தடுக்கிறது. சிட்டையில் குறித்துவிட்டுப் பேரேட்டில் ஏற்றுவது மாதிரி, ஐநோட், பிட்மேப் மாற்றங்கள் முதலில் ஜர்னலில் விழும். முடிவில், எல்லாம் எழுதியாயிற்று என்று காட்டும் ஒரு கமிட் பிளாக். அதற்குப் பிறகே உரிய இடத்துக்குப் போகும். கரண்ட் வந்து டிஸ்க் மறுபடி மவுண்ட் ஆகும்போது (சிஸ்டத்தோடு இணையும்போது) கமிட் இருந்தால் மாற்றங்கள் திரும்ப ஏற்றப்படும், இல்லையென்றால் தள்ளப்படும். பாதியில் மறுபடி கரண்ட் போனாலும் பயமில்லை; எத்தனை முறை ஏற்றினாலும் விளைவு ஒன்றுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை காட்டும் பட்டியலில் 'ஹாஸ்_ஜர்னல்' இருக்கிறதா பாருங்கள். மவுண்ட் செட்டிங்கில் டேட்டா மோடு 'ஆர்டர்ட்' ஆகவே இருக்கட்டும். அதில் பில் விவரம் டிஸ்க்கில் விழுந்த பிறகே ஐநோட் கமிட் ஆகும். வேகத்துக்காக யாராவது 'நோபேரியர்' (எழுதும் வரிசையைக் காக்கும் ஏற்பாட்டை நிறுத்தும் செட்டிங்) போட்டிருந்தால் உடனே எடுங்கள். டிஸ்க்கின் கேஷ் (தற்காலிக நினைவகம்) வரிசை மாற்றி எழுதினால் கமிட்டை நம்ப முடியாது.

ஆனால் ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை; கடைசி பில்லை அல்ல. கமிட் வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறைதான். அதனால் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுபவரிடம் கறாராகக் கேளுங்கள்: பில் பிரிண்ட் ஆகுமுன் சாஃப்ட்வேர் எஃப்சிங்க் (உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) கூப்பிடுகிறதா? முழு ஃபைலையும் மாற்றி எழுதுவதென்றால், புதுப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, அப்புறம் பழைய பெயருக்கு ரீநேம் செய்யவேண்டும். பழையதன் மேலேயே எழுதக் கூடாது.

கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழட்டும். கர்னல் லாகில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவில்) 'ரெகவரி கம்ப்ளீட்' என்று வந்தால் ஜர்னல் தன் வேலையை முடித்துவிட்டது. மவுண்ட் ஆன டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை) மட்டும் ஓட்டிவிடாதீர்கள். ராத்திரி பேக்கப் எடுக்கும் பென் டிரைவ் ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் என்றால் அதில் ஜர்னலே கிடையாது. இஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் பிடுங்கவேண்டும்.