கயோட்டி தப்பிக்கொண்டே இருந்த கதை

டெக்சாஸில் நண்பரின் ஆட்டுப் பண்ணையைச் சுற்றும் கயோட்டியை (நரி மாதிரியான அமெரிக்கக் காட்டு விலங்கு) கிராஸ்போவால் (விசையைத் தட்டி அம்பு எய்யும் குறுக்குவில்) அடிக்கப் போய், முதல் குளிர்காலம் முழுக்க வெறுங்கையோடுதான் திரும்பினேன். வில்லுக்கு வேகம் போதவில்லை என்று புதிதாக ஒன்று வாங்கவும் கிளம்பிவிட்டேன். நல்லவேளை, வாங்கவில்லை.

கோளாறு தூரத்தில் இருந்தது. 40 கெஜத்தில் எய்துகொண்டிருந்தேன். என் அம்பு நொடிக்கு 350 அடி போகும்; நாண் அறையும் சத்தமோ 1,100 அடிக்கு மேல். அம்பு போய்ச் சேர்வதற்குள் கயோட்டி உடம்பைத் தாழ்த்தித் திரும்பிவிடும். மண்ணில் குத்தி நிற்கும் அம்பில் ஒரு மயிர்கூட ஒட்டியிருக்காது.

சரி, 20 கெஜத்துக்கு மேல் எய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அவ்வளவு கிட்டே அது வரவேண்டுமே! முயல் அலறுவதுபோல் கத்தும் கருவியை மடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், அதுதான் முட்டாள்தனம். கயோட்டி நேராக வராது. காற்று போகும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். அதனால் காற்று இடமிருந்து வலமாக வீசும்படி உட்கார்ந்து, கருவியை 15 கெஜம் முன்னால் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வலப்பக்கம் வந்தது. நான் வாயால் லேசாகக் குரைத்தேன், அது நின்று பார்த்தது. எய்தேன். வில்லின் பக்கவாட்டுக் கை மெஸ்கீட் என்ற முள்மரத்தின் கிளையில் இடித்து அம்பு எங்கோ போனது. இப்போது உட்காருமுன் முதலில் கிளைகளை வெட்டிவிடுகிறேன். அடுத்த வாரம் கிடைத்தது.