பேசியது ஒன்று, ஆஃபர் லெட்டரில் இருப்பது வேறா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

"ஆண்டுக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம், கோயம்புத்தூர் ஆபீஸ், ஒரு மாத நோட்டீஸ்" என்று போனில் பேசி முடித்திருப்பார்கள். நாலு நாள் கழித்து மெயிலில் ஆஃபர் லெட்டர் வரும். தொகை அதேதான், ஆனால் அதில் 72,000 ரூபாய் வேரியபிள், அதாவது நிலையாக வராத, மதிப்பீட்டைப் பொறுத்து மாறும் தொகை. வேலை இடம் சென்னை. நோட்டீஸ் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள். கடைசியில், 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தரவும் என்று ஒரு வரி.

புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கேட்டால் ஆஃபரையே பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மரியாதையாக, தேதியும் ஆதாரமும் காட்டிக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் நிறுவனம் அரிது. அப்படி ஒன்று பெற்றுக்கொண்டால், அங்கே சேராமல் போனது நல்லதே.

முதல் படி: எதையும் அழுத்தாதீர்கள், பேப்பர் போடாதீர்கள்

இப்போது பல நிறுவனங்கள் ஆஃபரை இணையதளம் வழியாகத்தான் அனுப்புகின்றன. அதில் இருக்கும் ஒப்புதல் பொத்தானை "சும்மா அழுத்தி வைப்போம், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று அழுத்தக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவுப்படி, மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. ஓ.டி.பி. போட்டு ஒப்புக்கொண்டதையும் கையெழுத்துப் போலவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே இரண்டு வரியில் பதில் போடுங்கள்: "ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. முழுவதும் படித்துவிட்டு வியாழக்கிழமைக்குள் பதில் தருகிறேன்." இதில் சம்மதம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். "ரொம்ப சந்தோஷம், கட்டாயம் சேர்கிறேன்" என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்தம் கேட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

இப்போது பார்க்கும் வேலையில் பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா கடிதம் கொடுப்பது, திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகுதான். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அதைத் திரும்பப் பெற இடமிருக்கிறதா என்று உங்கள் மேலாளரிடம் இன்றே கேட்டு வையுங்கள். இந்தத் தகவல் புது ஹெச்.ஆருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் படி: சொன்னதற்கு ஆதாரம் சேருங்கள்

வேலை விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆள் எடுத்ததும் அதை இணையத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். ஹெச்.ஆரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், மெயில்கள், போன் வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வையுங்கள். எல்லாமே வாய்ப்பேச்சுதான் என்றால், யார், எந்தத் தேதியில், என்ன தொகை சொன்னார் என்று நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

ஆஃபர் இன்னும் வராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. போன் பேசி முடித்த அரை மணி நேரத்தில், "இன்று பேசியபடி நிலையான சம்பளம் இவ்வளவு, இடம் இது, நோட்டீஸ் இத்தனை நாள் என்று புரிந்துகொண்டேன், தவறிருந்தால் சொல்லவும்" என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். பின்னால் வரும் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட முடியாததற்கு இன்னொரு காரணம், கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. "இதற்கு முன் எழுத்திலோ வாய்மொழியாகவோ நடந்த எல்லாப் பேச்சுகளுக்கும் பதிலாக இந்தக் கடிதமே செல்லும்" என்ற பொருளில் ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு, போனில் சொன்னதை எடுத்துக் காட்டுவது மிகவும் கடினம்.

மூன்றாம் படி: கைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. 7,20,000-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 60,000 வரும் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஓர் எடுத்துக்காட்டு: பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 30,000, அதாவது ஆண்டுக்கு 3,60,000 என்று வைத்துக்கொள்வோம். சி.டி.சி.யிலிருந்து இவற்றைக் கழியுங்கள்:

- வேரியபிள் பே, 10 சதவீதம்: 72,000
- நிறுவனம் கட்டும் பி.எஃப். (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம், மாதம் 1,800): 21,600
- கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை (பேசிக்கில் 4.81 சதவீதம்): 17,316
- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் (கடிதத்தில் இருக்கும் தொகை, இங்கே 9,000 என்று கொள்வோம்): 9,000

கழிவு மொத்தம் 1,19,916. மீதி 6,00,084, மாதத்துக்கு 50,007. இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது என்பதால் மாதக் கணக்கில் 208 ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது 47,999. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. அப்படியும், நினைத்ததற்கும் வருவதற்கும் மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம்.

இதில் எல்லாமே ஏமாற்று இல்லை. நிறுவனம் கட்டும் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. சில நிறுவனங்கள் உச்சவரம்பு பார்க்காமல் முழு பேசிக்கில் 12 சதவீதம் பிடிப்பார்கள். அப்போது இரு பக்கமும் 3,600 ஆகி, கைக்கு வருவது இன்னும் 3,600 குறையும். அது உங்களுக்காகச் சேரும் பணம் என்பதால் அதற்காகச் சண்டை வேண்டாம்.

கிராஜுவிட்டி அப்படி இல்லை. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு முடிக்காமல் விலகினால் பொதுவாக அது கிடைக்காது. வேரியபிள் இன்னும் மோசம்: யார் மதிப்பிடுவார்கள், எப்போது தருவார்கள், கடந்த ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், இடையில் விலகினால் கிடைக்குமா என்ற நான்கு கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை அதைச் சுழியம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "சி.டி.சி. எவ்வளவு" என்று அல்ல. "நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு" என்று கேளுங்கள்.

நான்காம் படி: சம்பளம் அல்லாத வரிகள்

நிறுவனத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இன்டர்வியூ எடுத்தது ஒரு நிறுவனம், கடிதம் கொடுத்தது வேறொன்று என்றால், உங்களை கன்சல்டன்சியின் (ஆள் அனுப்பும் இடைநிறுவனத்தின்) பேரோலில், அதாவது அதன் சம்பளப் பட்டியலில் எடுக்கிறார்கள் என்று பொருளாக இருக்கலாம். கைக்கு வரும் தொகை ஒன்றாகவே இருந்தாலும், வேலைப் பாதுகாப்பு, காப்பீடு, அனுபவச் சான்றிதழில் வரும் பெயர் எல்லாமே மாறிவிடும். எல்லா வித்தியாசத்திலும் இதைத்தான் மிகப் பெரியதாக நினைக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

நோட்டீஸ் பீரியடில் நாட்களை மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் 90 நாள் கொடுக்க வேண்டும், நிறுவனம் 15 நாளில் அனுப்பிவிடலாம் என்று ஒருதலையாக இருக்கிறதா? நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகும் உரிமை உங்களுக்கும் உண்டா, நிறுவனம் சம்மதித்தால் மட்டுமா? இந்த ஒரு சொல்லில்தான் அடுத்த வேலை கிடைப்பதும் கைவிட்டுப் போவதும் இருக்கிறது.

"இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரி பல கடிதங்களில் வழக்கமாக இருக்கும். அதை நீக்கச் சொன்னால் நீக்க மாட்டார்கள். ஆனால் சேரும் இடமாக கோயம்புத்தூர் என்று எழுதச் சொல்வது நியாயமான கோரிக்கை. வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட், பதவிப் பெயர் ஆகியவையும் அப்படித்தான்.

பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தால் நின்று நிதானமாகப் படியுங்கள். "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் தரும் ஆறுதலை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே நேரத்தில், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நிறுவனத்துக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அதற்கு உச்ச எல்லை. பயிற்சிக்கு என்ன செலவு, மாதம் போகப் போகத் தொகை குறையுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலோ, தொகை எழுதாத காசோலை கேட்டாலோ, "டெபாசிட்" என்று பணம் கேட்டாலோ பேரம் பேச வேண்டாம். விலகிவிடுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் போன், அன்றே மெயில்

போனில் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். எழுத்துப் பிழையாகவோ, பழைய மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியதாகவோகூட இருக்கலாம். "சார், கடிதத்தில் மூன்று விவரம் நாம் பேசினதுக்கு வேற மாதிரி இருக்கு. மெயில்ல அனுப்புறேன், பார்த்துச் சொல்றீங்களா?" என்றால் போதும். கன்சல்டன்சி வழியாக வந்தவர்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆரிடமே நேராகக் கேளுங்கள். இடையில் இருப்பவர் தனக்கு அதிகாரமே இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

மெயில் எந்த மொழியில் எழுதினாலும் அமைப்பு இப்படி இருக்கட்டும்:

*பொருள்: ஆஃபர் லெட்டரில் மூன்று திருத்தங்கள்*

*வணக்கம் மேடம்,*
*12ஆம் தேதி அனுப்பிய ஆஃபர் லெட்டருக்கு நன்றி. இந்தப் பணியில் சேர ஆர்வமாக இருக்கிறேன். 8ஆம் தேதி போனில் பேசியதற்கும் கடிதத்துக்கும் மூன்று இடங்களில் வேறுபாடு உள்ளது.*
*சம்பளம்: பேசியது, 7,20,000 முழுவதும் நிலையானது. கடிதத்தில் (பக்கம் 4) 72,000 வேரியபிள்.*
*இடம்: பேசியது கோயம்புத்தூர். கடிதத்தில் (பக்கம் 1) சென்னை.*
*நோட்டீஸ்: பேசியது 30 நாள். கடிதத்தில் (பக்கம் 3) 90 நாள்.*
*இவற்றைத் திருத்தி புதிய கடிதம் அனுப்ப இயலுமா? ஒப்புதலுக்கான கடைசி நாளை 14-இலிருந்து 18ஆம் தேதிக்கு நீட்டித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.*

"சம்பளத்தை மாற்றினால் சம்மதம், இல்லையென்றால் வேண்டாம்" என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 7ஆம் பிரிவுப்படி, சம்மதம் என்பது நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும். நிபந்தனை போட்டால் அது எதிர்முன்மொழிவு. முதலில் வந்த ஆஃபரை நீங்கள் நிராகரித்ததாகக் கொள்ளலாம். கேள்வியாகக் கேட்டால் பழைய ஆஃபரும் உயிரோடு இருக்கும்.

மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். பத்து வரி நீளும் பட்டியலில் முக்கியமானது காணாமல் போய்விடும். இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்களைத் தேர்ந்தெடுத்த மேலாளருக்கு எழுதலாம்.

ஆறாம் படி: வரும் பதில்களும் அதற்கு மறுபதிலும்

"சரி, மாத்திடறோம். நீங்க இப்ப கையெழுத்துப் போட்டு அனுப்புங்க." வேண்டாம். "புதிய கடிதம் வந்த ஒரு மணி நேரத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். வந்த கடிதத்தில் தேதி புதிதா, பின்னிணைப்பில் இருக்கும் சம்பள அட்டவணையும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் மாற்றி, அட்டவணையைப் பழையபடியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

"கம்பெனி பாலிசி, எல்லாருக்கும் இதுதான்." நோட்டீஸ் விஷயத்தில் இது உண்மையாக இருக்கலாம். அப்போது வேறு வழியில் ஈடு கேளுங்கள்: முதல் ஆண்டு வேரியபிளுக்கு உத்தரவாதம், அல்லது சேரும்போது ஒரு போனஸ். போனஸ் என்றால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி கூடவே வரும், அதையும் படியுங்கள்.

"ஆறு மாசத்துல பார்த்துக்கலாம்." எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று கடிதத்தில் ஏறினால் ஏற்கலாம். ஏறாவிட்டால், இப்போது இருக்கும் தொகைக்கே நீங்கள் சேரத் தயாரா என்று மட்டும் யோசியுங்கள். தயார் என்றால் மனக்குறை இல்லாமல் சேருங்கள். இல்லையென்றால், "தங்கள் நேரத்துக்கு நன்றி, பேசிய நிபந்தனைகளில் கடிதம் அமையாததால் இந்த ஆஃபரை ஏற்க இயலவில்லை" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால்

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இங்கே காட்டியது ஒரு ஒப்பந்தம், இறங்கியதும் நீட்டுவது வேறு ஒப்பந்தம் என்று ஆவது பழைய மோசடி. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைக் கையோடு எடுத்துப் போங்கள், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். அங்கே போன பிறகு தெரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்துக் கேட்டால், முதலில் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம்.

சேர்ந்த பிறகு

முதல் நாள் தரும் பணி நியமனக் கடிதத்தை ஆஃபர் லெட்டரோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்; பிரதி வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். ஆஃபர் லெட்டரையும் திருத்தம் கேட்ட மெயில்களையும் உங்கள் சொந்த மெயிலில் வைத்திருங்கள். ஆபீஸ் மெயில் விலகிய அன்றே மூடப்படும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் மூன்றாம் படியில் போட்ட கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் ஏறியிருக்கின்றனவா என்று யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டுப் பாருங்கள். தொகை இடித்தால் அந்த மாதமே ஹெச்.ஆருக்கு எழுதுங்கள்.