பலெர்மோவின் சுதைக்கூடம்: நம் கரையிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து கப்பல் வேலைக்காகவோ, ஐரோப்பாவில் குடியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ, உரோமைத் திருப்பயணத்தின் தொடர்ச்சியாகவோ இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் செல்ல நேர்பவர்கள், பலெர்மோ நகரத்தில் அரை நாள் கிடைத்தாலும் சான் லொரென்சோ வழிபாட்டுக்கூடத்தைப் பார்த்துவிட வேண்டும். அந்நகரில் இதைவிடப் பெரிய ஆலயங்களும் பொன் வேய்ந்த மண்டபங்களும் இருக்கின்றன. ஆயினும் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு முதலில் இந்தச் சிறிய கூடத்தையே நான் பரிந்துரைப்பேன். அதன் சுவர்களை நிறைத்து நிற்கும் வெண்ணிற உருவங்கள் பளிங்கில் செதுக்கப்பட்டவை அல்ல. சுண்ணாம்பால் ஆன சுதை வேலை. சுதையை நாம் பிறந்தது முதல் கோபுரங்களில் பார்த்து வருகிறோம். அதை அறிந்த கண்ணோடு உள்ளே நுழைந்தால், வழிகாட்டி நூல்களைப் புரட்டியபடி வரும் பயணிகளுக்குத் தெரியாத பலவும் நமக்குத் தெரியும்.

ஆகவே இந்தப் பயணத்துக்கான ஆயத்தத்தை ஊரிலேயே தொடங்குவது நல்லது. தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் அடித்த புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் தேவாலயத்தின் சுவர் அருகே சென்று பாருங்கள். பூச்சு உதிர்ந்துவிட்டதால், பவளக் கற்களும் அவற்றைப் பிணைத்த சுண்ணாம்புக் காரையும் வெளியே தெரிகின்றன. ஒரு கட்டடத்தின் எலும்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நம் மாவட்டத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன். (அங்கே கிடக்கும் ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது, பவளம் இன்று சட்டத்தால் காக்கப்படும் உயிரினம்.) பிறகு வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றியது எப்படி, கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டி நீரையும் எதற்காகச் சேர்த்தார்கள், கடைசிப் பூச்சை வழுவழுப்பான கல்லால் எவ்வளவு நேரம் தேய்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பதில்கள் பலெர்மோவில் உதவும்.

கூடம் பழைய நகரின் கால்சா பகுதியில், அசிசியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தின் பக்கத்திலுள்ள இம்மக்கொலாத்தெல்லா என்னும் குறுகிய தெருவில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். தெருவிலிருந்து பார்த்தால் எளிய வாயில் ஒன்றுதான் தெரியும் என்பதால், பெரிய முகப்பை எதிர்பார்த்துச் செல்பவர்கள் கவனிக்காமல் கடந்துவிடக்கூடும். உள்ளே நுழைவுக் கட்டணம் உண்டு. இத்தாலியில் பல ஆலயங்கள் நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கப்படுவதால், திறந்திருக்கும் நேரத்தை முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பலில் பணிபுரிபவர்கள் கரையிறங்கும் அனுமதிச் சீட்டின் நேரத்துக்குள் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் காலையில் செல்வதே சரி. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை போதும். படம் எடுப்பவர்கள் கேமராவின் ஒளிவிளக்கை (ஃபிளாஷ்) அணைத்துவிட வேண்டும். நேர் ஒளி பட்டால் சுதையின் மேடுபள்ளம் தட்டையாகிவிடுவதால், படமும் நன்றாக வராது. சிறிய தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் மிக நன்று.

இது பங்கு மக்களுக்கான கோயில் அல்ல. புனித பிரான்சிஸ் பெயரில் அமைந்த பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) சபை ஒன்று கூடிச் செபித்த இடம். ஆதரவற்ற ஏழைகள் இறந்தால் அடக்கம் செய்வது அச்சபையின் பணிகளில் ஒன்று. சபையினர் சுவரோரமாக எதிரெதிரே அமர்ந்த இருக்கைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் மரத்தில் பதித்திருக்கும் முத்துச்சிப்பி ஓட்டின் மினுக்கத்தை, மன்னார் வளைகுடாக் கரைக்காரர் எவரும் யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வர். இருக்கைகளைத் தாங்கும் செதுக்கிய கால்களையும் குனிந்து பாருங்கள்.

சுவர் வேலையைச் செய்தவர் ஜாக்கோமோ செர்ப்போத்தா. 1656இல் பலெர்மோவில் பிறந்து 1732இல் அங்கேயே இறந்தவர். தந்தை சிற்பி, உடன்பிறந்தவரும் மகனும் இதே தொழில் செய்தவர்கள். 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கூடத்தை அவர் சுதையால் நிறைத்தார். மரமும் கம்பியும் கொண்டு உள்கூட்டை அமைத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் உடலை உருவாக்கி, கடைசியில் சுண்ணாம்போடு பளிங்குப் பொடியைக் கலந்த மென்பூச்சைப் பூசி மெருகேற்றுவது அவருடைய முறை. அந்த மெருகுதான் பார்ப்பவரைப் பளிங்கு என்று நம்ப வைக்கிறது. நம் கோபுரச் சுதை வண்ணம் பூசுவதற்காகவே செய்யப்படுவது. வெயிலையும் மழையையும் வண்ணத்தின் துணையோடு தாங்குவது. செர்ப்போத்தாவின் சுதை கூரைக்குள் இருப்பதால், அங்கங்கே தீட்டிய பொன் தவிர வேறு நிறமின்றி, நிழலை மட்டுமே நம்பி நிற்கிறது. மேகமில்லாத நாளில் பக்கச் சன்னல்களின் வெளிச்சம் மாற மாற, உருவங்களின் முகபாவமும் மாறுவதைக் காண்பீர்கள்.

எனவே ஒரே மூச்சில் சுற்றி வந்துவிடாதீர்கள். முதலில் ஓரிடத்தில் நின்று, நற்பண்புகளைப் பெண்களாக உருவகித்த பெரிய உருவங்களை மட்டும் பாருங்கள். துணி மடிப்பின் விளிம்பு எவ்வளவு மெல்லியது, அது ஈரம் காயுமுன் எத்தனை விரைவாக முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. கைவேலைக்கு அது இடம் கொடுக்கும் நேரம் குறைவு. அதற்குள் ஒரு விரலின் வளைவையும் இமையின் சோர்வையும் பிடித்துவிட்ட கையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அடுத்து, அவ்வுருவங்களைச் சுற்றிக் குதித்தும் சாய்ந்தும் விளையாடும் குழந்தை வானதூதர்களைப் பாருங்கள். ஐரோப்பாவில் அக்காலத்தில் ஓங்கியிருந்த பரோக் கலைப்பாணியின் அசைவும் துள்ளலும் அவர்களிடம்தான் முழுமையாக வெளிப்படுகின்றன.

மூன்றாவதாகச் சுவரிலுள்ள சிறிய காட்சிப் பேழைகளுக்கு அருகே செல்லுங்கள். கூடத்தின் பெயருக்குரிய புனித லாரன்ஸ் (இத்தாலியில் லொரென்சோ), புனித பிரான்சிஸ் ஆகிய இருவரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் அவற்றில் சிறு நாடக மேடைகள்போல் அமைந்திருக்கின்றன. பிரான்சிஸ் எகிப்தின் சுல்தான் முன் நிற்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219இல் அவர் படைக்கலம் இல்லாமல் சென்று சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசித் திரும்பினார். பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் கரையிலிருந்து வருபவர்கள் அதன் முன் சற்று அதிக நேரம் நிற்பது இயல்பு. பின்பு திரும்பி, நீங்கள் நுழைந்த வாசலுக்கு மேலே பாருங்கள். நெருப்பின் மேல் இரும்புச் சட்டத்தில் கிடத்தப்பட்ட லாரன்சின் மறைசாட்சிச் சாவு அங்கே இருக்கிறது. பீடத்தை நோக்கியே நடப்பவர்கள் அதைக் காணாமல் வெளியேறிவிடுகிறார்கள்.

பீடத்தின் மேலுள்ளது மூல ஓவியம் அல்ல. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ வரைந்த கிறிஸ்து பிறப்பு ஓவியம், 1969 அக்டோபரில் ஓர் இரவில் சட்டத்திலிருந்து அறுத்துத் திருடப்பட்டது, இன்றுவரை மீட்கப்படவில்லை. பழைய ஒளிப்படங்களைக் கொண்டு உருவாக்கிய நகல் 2015 டிசம்பர் முதல் அங்கே இருக்கிறது. நகல்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். சுவரின் வெண்மை முழுவதும் அந்த இருண்ட ஓவியத்தைச் சூழ்ந்திருப்பதால், அது இல்லாமல் கூடத்தின் அமைப்பே விளங்காது.

வழி தெரியாமல் போனால் தயங்க வேண்டாம். பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள், அவர்களிடம் தமிழிலேயே கேட்கலாம். நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் பெல்லெக்ரீனோ மலைக் குகைக்கு அவர்களில் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் ஏறிச் செல்கிறார்கள்.

இன்னும் நேரம் இருந்தால், செர்ப்போத்தாவே வேலை செய்த சாந்தா சீத்தா கூடத்துக்கும் செல்லுங்கள். அதன் வாயில் சுவர் முழுவதும், குழந்தைகள் பலர் பிடித்திருக்கும் பெரிய திரைச்சீலையாகச் சுதையில் வடிக்கப்பட்டிருக்கிறது. அதன் நடுவே 1571இல் ஐரோப்பியக் கிறிஸ்தவக் கப்பற்படைக்கும் துருக்கிய உதுமானியக் கப்பற்படைக்கும் நடந்த லெபாந்தோ கடற்போரின் காட்சி உண்டு. கடல் தெரிந்தவர்கள் தொலைநோக்கியை எடுத்து, நெருக்கியடித்து நிற்கும் கப்பல்களின் பாய்மரங்களையும் துடுப்பு வரிசைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப வேண்டும்.