மைப்பேனா மக்கர் செய்தால் நிப்பின் மேல் பழி போடாதீர்கள்

மைப்பேனா எழுதவில்லை என்றால் பலருக்கும் கை முதலில் போவது நிப்புக்குத்தான். தரையில் தேய்ப்பார்கள், பிளவுக்குள் பிளேடை விடுவார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் உதறுவார்கள். கோளாறு பெரும்பாலும் தாளிலோ மையிலோ உள்ளே காய்ந்துபோன கசடிலோ இருக்கும். நிப்பைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். மற்றதையெல்லாம் கழுவியோ மாற்றியோ சரிசெய்துவிடலாம். தேய்ந்த நிப் தேய்ந்ததுதான்.

நிப்பின் முனையில் ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கும். நிப்பின் மேலேயே ‘இரிடியம் பாயின்ட்’ என்று பொறித்திருப்பார்கள். இன்று பெரும்பாலான நிப்புகளில் இரிடியம் கிடையாது, வேறு கடினமான கலவை உலோகம்தான். எதுவானாலும், தேய்மானத்தைத் தாங்குவது அந்தக் குமிழ் ஒன்றே. சிமென்ட் தரையிலும் உப்புத்தாளிலும் தேய்த்தால் அது ஒரு பக்கம் தட்டையாகி, கீழே இருக்கும் எஃகு வெளியே வந்துவிடும். பிளேடு விடுவது இன்னொரு வகைச் சேதம். முனையில் பிளவின் இரு பாதிகளும் ஏறக்குறைய ஒட்டி நின்றால்தான் மை அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும். விரிந்துவிட்டால் மை மேலேயே நின்றுவிடும்.

நிப் கீறினால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முனையை நேருக்கு நேர் பாருங்கள். இரண்டு பாதிகளில் ஒன்று மயிரிழை மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். கீழே இருப்பதை நகத்தால் மெல்ல மேல்நோக்கி அழுத்தி, எழுதிப் பார்த்து, மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் சொரசொரப்பு இருந்தால் மட்டும் மைக்ரோமெஷ் என்னும் மிக நைசான தேய்ப்புத்தாளின் 12000 கிரிட் துண்டில், அழுத்தாமல், எட்டு போடுவதுபோலப் பத்துச் சுற்று. அங்கேயே நிறுத்துங்கள். வழவழப்பு போதவில்லை என்று தேய்த்துக்கொண்டே போனால் பிளவின் ஓரங்கள் உருண்டுவிடும், மை தாளைத் தொடாது. ஒவ்வொரு எழுத்தின் முதல் கோடும் விழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பால்பாயின்ட் பழக்கத்தில் அழுத்தி எழுதுவதும் நிப்பைக் கெடுக்கும். மைப்பேனாவுக்கு அதன் சொந்த எடையே போதும். தாளுக்கு 45 முதல் 55 டிகிரிச் சாய்வில் பிடித்து, நிப்பின் முகம் வானம் பார்க்க வைத்து இழுத்தால் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் அழுத்துவது தீர்வல்ல.

வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. நிப்பில் எம் என்றால் நடுத்தரம், எஃப் மெலிது, ஈஎஃப் மிக மெலிது. ஜப்பானியப் பேனாக்களின் எஃப், ஐரோப்பியப் பேனாக்களின் எஃப் நிப்பைவிட மெலிதாக எழுதும். ஐரோப்பிய எம் நிப்பை வாங்கி, கோடு போட்ட நோட்டில் பொடியாகத் தமிழ் எழுதினால் ‘ண’, ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். பொடி எழுத்துக்காரர்கள் எஃப் அல்லது ஈஎஃப் பக்கம் போவதே நல்லது.

அடுத்தது தாள். ஜிஎஸ்எம் கூடினால் மை ஊறாது என்பது பரவலான நம்பிக்கை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். மை பரவுவதைத் தடுப்பது தாளில் ஏற்றும் பசைப்பூச்சு. அதனால்தான் ஜப்பானின் 52 ஜிஎஸ்எம் டொமோயி ரிவர் தாளில் மை கோடு பிசகாமல் நிற்கிறது, 100 ஜிஎஸ்எம் முரட்டுத் தாளில் வேர்விட்டுப் பரவுகிறது. கரும்புச் சக்கையில் செய்த தாள்கள் பல மைப்பேனாவுக்கு நன்றாக ஒத்துப்போகும். சக்கையின் நார் குட்டையானது, அதனால் தாளின் மேற்பரப்பு நெருக்கமாக அமைகிறது. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையில்தான் பெயர் எடுத்தது.

பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதிய பேனா கீழ்ப்பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறதா? உங்கள் கை அந்த இடத்தில் வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பூசியிருக்கிறது. கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் இது இல்லாமல் எழுதவே முடியாது.

இனி ஒழுகல். இதைப் பற்றித்தான் புலம்பல் அதிகம், காரணம் புரிந்தவர்கள் குறைவு. பேனாவிலிருந்து மை வெளியே வர வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையை ஃபீட் என்பார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை நடத்துவது அதுதான். உள்ளே இருக்கும் காற்று சூடானால் விரிந்து, மையை வெளியே தள்ளும்.

திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் தண்டைக் கடைசலில் கடைந்து செய்யப்படுகின்றன. அத்தகைய பெரிய பேனாக்களில் பல, உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றும் வகை. அதில் 3 மில்லி காற்று இருக்கிறது என்று வையுங்கள். ஏசி அறையின் 24 டிகிரியிலிருந்து கைச்சூட்டில் 34 டிகிரிக்கு வந்தால் காற்று சுமார் 3.4 சதவீதம் விரியும். அது 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு. அந்த இரண்டு சொட்டும் உங்கள் தாளில்தான். மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சின்னக் குழாயைக் கன்வெர்ட்டர் என்பார்கள். அரை மில்லி காற்று மட்டுமே இருக்கும் கன்வெர்ட்டர் பேனாவில் இதே கணக்கு ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குதான். அதை ஃபீட்டின் வரிப்பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். ஆகவே மை ஊற்றும் பேனாவை அடிவரை காலியாக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மை மிஞ்சும்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பும்போது மரைக்கு 4 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

மலை ஏறினாலும் இதே கதை. மேட்டுப்பாளையத்தில் மூடிய பேனா 2,240 மீட்டர் உயர ஊட்டியில் திறக்கப்படும்போது, உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விரிந்திருக்கும். விமானத்திலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். பேனாவை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலியாக்குங்கள். நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் விரியும் காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறும்.

மரையில் கசிந்தால் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவ வேண்டும். வாசலைன் ரப்பர் வளையத்தை ஊறவைத்துக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் அது உறையாது. வழிந்து ஃபீட்டுக்குள் போனால் மை இறங்குவதே நின்றுபோகும்.

மையில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஓவியத்துக்கான இந்தியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை, போஸ்டர் கலர் எதையும் மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். இந்தியன் இங்க்கில் இருக்கும் அரக்குப் பசை காய்ந்தால் நீரில் கரையாது. பிறகு, நிறத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு கம்பெனி மைகளைப் பேனாவுக்குள் கலக்காதீர்கள். ஒன்று அமிலமாகவும் மற்றது காரமாகவும் இருந்தால் அடியில் வண்டல் படியும். கலந்தே தீர வேண்டுமானால் கண்ணாடிக் குப்பியில் இரண்டிலும் ஐந்தைந்து சொட்டு விட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

கழுவுவதில் அவசரம்தான் எதிரி. சாதாரணக் குளிர்ந்த நீரில், வெளியே வரும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கசடு இறுகியிருந்தால் ஒரு டம்ளர் நீரில் ஓரிரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நிப் பகுதியை மட்டும் இரவு முழுக்க ஊறவைக்கலாம். வெந்நீர் பிளாஸ்டிக் ஃபீட்டை வளைக்கும். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு நீக்கியும் பேனா உடலையே அரித்துவிடும். எபோனைட்டின் உடலை நீரில் ஊறப் போடவே கூடாது, பளபளப்பு போய்ப் பழுப்பேறும். உப்பேறிய போர் தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாயில் வந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் உப்பு ஃபீட்டின் நுண்ணிய வழியில் படியும். இரும்புச் சத்துள்ள அயர்ன் கால் மை போட்ட பேனாவை மாதம் ஒருமுறையாவது கழுவிவிடுங்கள்.

கடைசியாக மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே மேசையைப் போட்டு, யோசிக்கும்போது பேனாவைத் திறந்தே வைத்திருந்தால் நிப் காய்ந்துபோகும். பேனாவைக் குறை சொல்வதைவிட மூடியைப் போடுவது சுலபம். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் எழுதும் கோட்டின் மேலேயே கையின் நிழல் விழும். கண்ணாடி மேசையில் ஒற்றைத் தாளை வைத்து எழுதினால் நல்ல நிப்பும் கீறுவதுபோலத் தோன்றும். அடியில் நாலைந்து தாள் போடுங்கள். ஜன்னலோரம் வரிசையாக மைப்புட்டிகள் படத்துக்கு அழகுதான், ஆனால் சாய மைகள் வெயிலில் வெளிறும், எபோனைட் பேனாவும் பச்சையோடும். இரண்டுக்கும் இடம் இழுப்பறை. புட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தாலோ மேலே படலம் மிதந்தாலோ வடிகட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். கொட்டிவிட்டு, அந்த மை போட்டிருந்த பேனாவையும் அன்றே கழுவிவிடுங்கள்.