டிஸ்க்கைக் கழற்றும் முன் சீரியல் எண்ணைப் பாருங்கள்
பல டிஸ்க்குகளில் தரவைப் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 5 (RAID 5) முறையில் இயங்கும் சர்வரில் ஒரு ஹார்டு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பிவிடும். ஆனால், அதை மாற்றப் போகும் அவசரத்தில் பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் எல்லாமே நின்றுவிடும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் காட்டும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற பெயர்கள் சர்வரை மறுபடி இயக்கும்போது இடம் மாறக்கூடியவை என்பதால், அவற்றை நம்பி, இடமிருந்து இரண்டாவது என்று விரல்விட்டு எண்ணிக் கழற்றுவது ஆபத்தானது.

டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை தரும் சீரியல் எண்ணே நம்பகமான அடையாளம். டிஸ்க் அடியோடு செத்துப்போய் அந்தக் கட்டளைக்குப் பதிலே தராமல் போவதும் உண்டு. அப்போது உயிரோடிருக்கும் மற்ற டிஸ்க்குகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, முன்பே எழுதிவைத்த எண்களில் எது விடுபட்டது என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகவே, சர்வரை ரேக்கில் ஏற்றும் நாளிலேயே ஒவ்வொரு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் சிறு ஸ்டிக்கரில் எழுதி, காற்றுத் துளைகளை மறைக்காமல், டிஸ்க் தட்டின் முகப்பில் ஒட்டிவிடுவேன். நள்ளிரவில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, அந்த நான்கு இலக்கங்கள் தரும் நிம்மதி தனி.

சர்வரில் வசதி இருந்தால், லெட்சிடிஎல் (ledctl) கட்டளையால் குறிப்பிட்ட டிஸ்க்கின் அடையாள விளக்கை ஒளிரச் செய்தும் உறுதிப்படுத்தலாம். புதிய டிஸ்க்கில் தரவை மீளக் கட்டும்போது மற்ற டிஸ்க்குகளுக்குக் கடும் வேலை இருக்கும் என்பதால், கைவைக்கும் முன் பேக்கப் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.