மோட்டார் ஓடினதும் வடக்கு எங்கே போச்சு?

போன வாரம் ஒரு கல்லூரிப் பட்டறையில் மாணவர்கள் செய்த ரோபோ வண்டியைப் பார்த்தேன். மோட்டார் சும்மா இருக்கும்வரை அதன் திசைகாட்டி சென்சாரில் வடக்கு வடக்காகவே இருந்தது, ஓட ஆரம்பித்ததும் கிழக்குப் பக்கம் நகர்ந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து! அசைவையும் திசையையும் அளக்கும் சென்சார்களில் சறுக்கும் இடங்களைத்தான் இங்கே சொல்கிறேன். ஒயரை மாற்றிச் செருகுவது, சால்டர் பிடிக்காமல் போவதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதை விட்டுவிடுகிறேன்.

மேஜை மேல் கிடந்தாலும் 1 ஜி

ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) சும்மா கிடக்கும்போதும் 1 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பு அளவு, காட்டினால் பழுதில்லை. கீழே விழும்போதுதான் அது பூஜ்யம் காட்டும்.

முடுக்கத்திலிருந்து தூரம்

ஆக்சிலரோமீட்டர் தரும் முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டால் (integrate) தூரம் வரும், தாளில் மட்டும். 0.01 ஜி பிழை இருந்தால் போதும், 10 விநாடியில் சுமார் 5 மீட்டர், ஒரு நிமிஷத்தில் 170 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். வேண்டாம்.

மேக்னெட்டோமீட்டரை எங்கே வைத்தீர்கள்?

காந்தப்புலத்தை அளந்து திசை சொல்லும் சென்சார் இதுதான். இதைச் சொல்லத்தான் வந்தேன். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 2 ஆம்பியர் ஓடும் ஒயருக்கு 1 சென்டிமீட்டர் தள்ளி வரும் புலமும் அதே 40. அது பக்கவாட்டில் வந்து சேர்ந்தால் திசை 45 டிகிரி திரும்பிவிடும்.

நான் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பேட்டரி கனெக்டரை ஒட்டியே சென்சாரை உட்கார வைத்து சர்க்யூட் போர்டு வரைந்தேன். மேஜையில் வைத்து, காற்றில் எட்டுப் போடுகிற மாதிரி சுழற்றி கேலிப்ரேட் செய்தால் (பிழையை அளந்து கழித்தால்) அருமையாக வந்தது, அந்த நம்பிக்கையில் 20 போர்டு செய்யக் கொடுத்துவிட்டேன். வண்டியில் மாட்டி நேராகப் போ என்றால் வட்டம் போடுகிறது. மூன்று நாள் புரோகிராமில் தப்புத் தேடினேன். இருபதும் குப்பை. ஒன்றை மட்டும் டிராயரில் வைத்திருக்கிறேன், பார்த்தால் இன்னும் எரிச்சல்தான்.

கேலிப்ரேஷன் கழிப்பது கூடவே நிற்கும் காந்தத்தை: ஸ்க்ரூ, ஸ்பீக்கர் மாதிரி. நொடிக்கு நொடி மாறும் மோட்டார் கரண்டை அது எப்படிக் கழிக்கும்? சென்சாரைத் தனியாகத் தூக்கி வையுங்கள் (பல ட்ரோன்களில் ஜிபிஎஸ்ஸோடு திசைகாட்டி ஒரு குச்சி மேல் நிற்பது இதற்காகத்தான்). 10 சென்டிமீட்டர் தள்ளியும் தனி ஒயர் என்றால் கிட்டத்தட்ட 6 டிகிரி பிழை மிச்சம் இருக்கும், அதனால் போகிற ஒயரையும் திரும்புகிற ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள், ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். எல்லாம் மாட்டி முடித்து, வண்டியோடு சேர்த்துத்தான் கேலிப்ரேட் செய்ய வேண்டும். அப்புறம் வண்டியை அசையாமல் தூக்கிப் பிடித்து மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். திசை எண் நகர்ந்தால் போர்டு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

போன் கவர்

போனில் இருக்கும் திசைகாட்டி தப்புக் காட்டுகிறதா, காந்தப் பூட்டு வைத்த கவரா? முதலில் அதைக் கழற்றுங்கள்.

கைரோ

சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார் இது. ஆன் செய்ததும் கையில் எடுத்து ஆட்டாதீர்கள். பூஜ்யம் பிடிக்க அதற்கு ஓரிரு விநாடி கொடுங்கள்.