சேணம் பின்னால் நழுவினால் எந்த வாரைத் தேர்ந்தெடுப்பது?

சிங்கப்பூரில் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்து முடிந்தது. ஆனாலும், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரைகளைச் சவாரிப் பள்ளிகளில் இன்றும் காணலாம். அவற்றின் வயிறு பின்நோக்கி ஒடுங்கியிருப்பதால், வயிற்றைச் சுற்றிக் கட்டும் கெர்த் வார் அந்த ஒடுங்கிய பகுதியை நோக்கி மெல்ல நகர்ந்து, சேணத்தையும் தன்னோடு பின்னால் இழுத்துச் செல்கிறது.

வாரை மாற்றுவதற்கு முன், சேணம் தோள்களை நெருக்குகிறதா என்று பாருங்கள். குறுகிய சேணத்தைத் தோள்களே பின்னுக்குத் தள்ளும் என்பதால், அப்படிப்பட்ட சேணத்திற்கு எத்தனை விலையுயர்ந்த வாரும் உதவாது.

சேணம் சரியாகப் பொருந்தியிருந்தால், உட்புறம் வழுக்காத நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) வாரை முயன்று பார்க்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதனடியில் வியர்வை தேங்கித் தோல் உரசிப் புண்ணாகக்கூடும் என்பதால், ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் வாரைக் கழுவி உலர்த்துவதோடு, முன்னங்காலுக்குப் பின்னால் வார் படும் தோலையும் விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். எலாஸ்டிக் உள்ள வாரானால் அது இருபுறமும் சமமாக இருக்கட்டும். ஒருபுறம் மட்டும் இருந்தால் இழுவிசை சீராக இராது.

நழுவுவதைத் தடுக்க வாரை அளவுமீறி இறுக்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. படிப்படியாக இறுக்கி, முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே நீட்டித் தோல் மடிப்புகளை நீக்கிவிட்டு, ஏறுவதற்கு முன் மீண்டும் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் நழுவினால், மார்புப் பட்டையைச் சேர்த்துக் கட்டுவதே பொருத்தமானது.